இரு வீடுகளுக்கு இடையே: புறநானூறு 194உம் சங்கப் பாடல்களின் சிறுபொருள்களும்

புறநானூற்றின் 194ஆம் பாடல் ஏழு அடிகளே உடையது. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கின்றது. மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கின்றது. கூடியவர் பூச்சூடி நிற்க, பிரிந்தவர் கண்ணீர் உகுக்கின்றனர். இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் என்று புலவர் துணிந்து கூறுகின்றார். இவ்வுலகம் இன்னாதது என்கின்றார். இதன் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்பாராக என்று முடிக்கின்றார். இதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. காணத்தக்க அவ்வினியவை எவை என்பதனைப் புலவர் கூறாது விடுத்தார். அவர் விடுத்த அவ்விடத்தினைப் பிற்காலத்தார் எவ்வாறு நிரப்பினர் என்பதும், சங்கத் தொகைநூல்களிலேயே அதற்கு வேறொரு விடை கிடைக்குமா என்பதும் ஈண்டு நாம் காண முற்படுவன.

புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை ஒன்று கிடைத்துள்ளது; உரையாசிரியர் பெயர் தெரியவில்லை. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை முதன்முதலில் பதிப்பித்தபோது இவ்வுரையையும் சேர்த்தே வெளியிட்டார். அதன்பின் வந்த உரைகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இதன் நிழலில் நிற்பவையே. இவ்வுரையாசிரியர், உலகியல்பு உணர்ந்தோர் வீட்டின்பம் தரும் நற்செயல்களை அறிந்து செய்துகொள்க என்னும் கருத்தில் இறுதியடிக்குப் பொருள் உரைக்கின்றார். இப்பாடல் பெருங்காஞ்சித் துறையில் வைக்கப்பட்டுள்ளது. காஞ்சி நிலையாமை உணர்த்துவது. நிலையாமை கூறிய பாடல் நிலையானதொன்றைக் காட்டி முடிதல் வேண்டும் என்று அவர் கருதியிருத்தல் இயல்பே. எனினும் பாடலில் வீடு இல்லை; மறுமை இல்லை; நற்செயல் என்னும் சொல்லும் இல்லை. படைத்தவனையே பண்பிலி என்று பழித்த ஒருவர், அடுத்த மூச்சில் வீட்டின்பத்திற்கு வழி கூறினார் எனக் கொள்வது நமக்கு எளிதாகத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான பொருள் ஒன்று இக்காலத்து மேடைகளில் வழங்குகின்றது. துன்பத்தை மறந்துவிடுங்கள், வாழ்வின் சின்னச்சின்ன இன்பங்களைப் பாருங்கள், சங்கப்புலவரே அவ்வாறு கூறியிருக்கிறார் என்று தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் இவ்வடியை எடுத்தாளுகின்றனர். பள்ளி இதழ்களிலும் வாழ்த்து மடல்களிலும் இவ்வடி தனித்து நிற்கக் காண்கிறோம். முன்னிருக்கும் ஆறு அடிகள் அங்கே வருவதில்லை. உரையாசிரியர் இவ்வடியை வானுக்கு உயர்த்தினார் என்றால், பேச்சாளர் இதனை இனிப்புப் பொட்டலமாக்கிவிட்டார். இரண்டிலும் சாப்பறை ஒலி கேட்கவில்லை.

இவ்வேறுபாடு நமக்கு வெறும் உரைச்சிக்கலாக இருந்த காலம் உண்டு. அவ்வாறு இராது போனமைக்குக் காரணம் ஓர் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் இப்பாடலை நடத்தினோம். கணவரை இழந்து ஓராண்டும் நிறையாத ஆசிரியை ஒருவர் பின்வரிசையில் இருந்தார். அவர் நிலையை நாம் அப்போது அறியோம். பாடம் முடியும் தறுவாயில் அவர் எழுந்து, "டாக்டர், இனியதைக் காண்க என்று சொல்வது எளிது. இந்தப் புலவர் எந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொல்கிறார்?" என்று கேட்டார். அன்று நாம் கூறிய விடை திருத்தமானது அன்று. துறைவிளக்கமும் உரைவேறுபாடும் கூறி அமைந்தோம். அவர் "சரி, டாக்டர்" என்று அமர்ந்தார். அவ்வினாவிற்குப் பாடலிலேயே விடை இருந்தமை பின்னரே நமக்குப் புலனாயிற்று.

முதலில் இலக்கணம் நோக்குவோம். 'இனிய' என்பது பலவின்பால். புலவர் ஓர் இனிமையைக் கூறவில்லை. எண்ணிறந்த இனியவற்றைக் கூறுகின்றார். வீட்டின்பம் என்னும் ஒற்றைப் பெரும்பொருளை உணர்த்துவதே கருத்தாயின், இப்பன்மை அதற்கு அத்துணை பொருந்துவதன்று. உரையாசிரியர் 'செயல்கள்' என்று பன்மைக்கு இடந்தந்து இதனைச் சரிசெய்கின்றார் என்பதனையும் கருதுதல் வேண்டும். 'காண்க' என்பது வியங்கோள். வியங்கோள் தன்மை முன்னிலைகளில் நிலைபெற்று வாராது என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்வழி நோக்கின், அழுதுகொண்டிருக்கும் ஒருவரை எதிரே நிறுத்தி 'நீ காண்' என்று ஏவிய சொல் அன்று இது. உலகத்தியல்பை உணர்ந்தோர் யாரோ, அவர் காண்பாராக என்று படர்க்கையில் அமைந்தது. மேலும் 'உணர்ந்தோர்' என்பதனால், இன்னாமையை உணர்தல் முன்னும் இனியவற்றைக் காண்டல் பின்னும் நிகழ்வன. மேடைப் பேச்சாளர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, இன்னாமையை மறப்பதற்கே இனியவற்றைக் காணச் சொல்கின்றார். புலவர் கூற்றில் மறதிக்கு இடமில்லை.

இனி ஆசிரியையின் வினா. சாப்பறையும் மணமுழவும் ஒருசேரக் கேட்கும் இடம் எது? இழவு வீட்டில் இருப்போர்க்கு மணமுழவு கேளாது. கேட்டாலும் செவியில் ஏறாது. மணவீட்டில் இருப்போர் சாப்பறையைக் கேட்க விரும்பார். இரண்டும் கேட்பது தெருவில் நிற்பவனுக்கே. நன்கணியார் எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. இரு வீடுகளுக்கு இடையே நிற்கின்றார். அவர் மணவீட்டிலிருந்து இழவுவீட்டிற்கு ஆறுதல் அனுப்புபவர் அல்லர். நாளை எவ்வீடும் மற்றை வீடாகக்கூடும் என அறிந்தவரைத் தம்மோடு தெருவில் நிறுத்தியே பேசுகின்றார்.

அவர் கூறாது விட்ட இனியவை எவை? ஒரு புலவரின் மௌனத்திற்கு மற்றொரு புலவரின் பாடலை உரையாக்குதல் முறையன்று என்பதனை நாம் அறிவோம். பாடியோர் வேறு, காலம் வேறு, திணை வேறு. ஆயினும் ஒரு மொழிச்சமூகம் எதனை 'இனிது' என்று அழைத்தது என்பதனை அதன் பாடல்களில் தேடுதல் தவறாகாது. அத்தேட்டத்தில் நமக்கு முதலில் எதிர்ப்படுவது குறுந்தொகை 167.

கூடலூர் கிழாரின் இவ்வாறடிப் பாடல் தமிழாசிரியர் அனைவர்க்கும் அறிமுகமானது. மணம் புரிந்து தனிமனை சென்ற மகளைக் கண்டுவந்த செவிலி, நற்றாய்க்கு உரைப்பது. தலைவி முற்றிய தயிரைத் தன் விரல்களாலேயே பிசைந்தாள். அவ்விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, அதனைத் துவையாமலே உடுத்திருந்தாள். தாளிப்பின் புகை மைதீட்டிய கண்களில் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்த புளிப்புச் சுவையுள்ள குழம்பைக் கணவன் 'இனிது' என்று கூறி உண்டான். அவள் முகம் மிக நுண்ணிதாக மலர்ந்தது. அக்குழம்பை மோர்க்குழம்பு என்று விளக்குவோரும் உளர்.

தேர்வு விடைத்தாள்களில் இப்பாடல் படும் பாட்டைக் கூறாதிருக்க இயலவில்லை. விரலுக்குக் காந்தள் உவமை, கண்ணுக்குக் குவளை உவமை என்று இரண்டினை எழுதினால் மாணவர்க்கு மதிப்பெண் வந்துவிடுகின்றது. கறைபட்ட ஆடையைப் பற்றி எழுதுவோர் அரியர். சில வழிகாட்டி நூல்கள் அதனை விரைந்து கடந்துவிடுகின்றன. தலைவி துப்புரவற்றவள் என்று மாணவர் கருதிவிடுவர் என்னும் அச்சம் போலும். உண்மையில் பாடலின் உயிர் அவ்வாடையில்தான் உள்ளது. காந்தளும் குவளையும் எந்தத் தலைவிக்கும் பொருந்துவன. துடைத்த ஆடையோ இவள் ஒருத்திக்கே உரியது. அடுப்பில் குழம்பு கொதிக்கையில் கைகழுவப் போனால் தாளிப்புத் தீய்ந்துவிடும் என்பது சமைத்தறிந்தவர்க்குத் தெரியும்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களின் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அப்பாடல்களை உலகறியச் செய்தது. அதன் பெருமை குறையாதது. ஆயினும் அவர்க்குப் பின்வந்த நாம் மலை, கடல், காடு, வயல் என்று பார்த்துப் பழகிய அளவிற்கு அடுக்களையைப் பார்த்துப் பழகவில்லை. 167 முல்லைத்திணை. ஆயினும் இதில் முல்லைக்காடு இல்லை, மாலைப்பொழுது இல்லை. காந்தளோ குறிஞ்சிப் பூ. முல்லை நிலத்திற்கு இங்கே சான்றாக நிற்பது தயிர் ஒன்றே. நிலம் முழுதும் ஒரு பாண்டத்துள் அடங்கிவிட்டது. முதற்பொருள், கருப்பொருள் என்று பட்டியலிடும் பழக்கத்தால் இதனைக் காண இயலாது.

நாம் முனைவர் பட்டத்திற்காக வெளிநாட்டில் பயின்ற காலத்தில், தமிழ் தாய்மொழியல்லாத மாணவி ஒருவர் கருத்தரங்கில் இப்பாடல்மீது கடுமையான மறுப்பு ஒன்றை எழுப்பினார். ஒருத்தி புகையில் நின்று சமைக்கின்றாள். ஒருவன் அமர்ந்து உண்டு ஒரு சொல் கூறுகின்றான். அச்சொல்லுக்காக அவள் மகிழ்கின்றாள். இதில் போற்றுவதற்கு என்ன உள்ளது என்றார். இன்று நம் மாணவியரும் இதே வினாவைக் கேட்கின்றனர், கேட்கவும் வேண்டும். கணவன் ஏன் தயிர் பிசையவில்லை என்ற வினாவிற்குப் பாடலில் விடையில்லை. ஆனால் அக்கருத்தரங்கில் மற்றொருவர் கேட்ட எதிர்வினா நமக்கு நெடுநாள் துணைநின்றது: இச்செய்தி யாருக்குச் சொல்லப்படுகிறது?

கேட்பவள் நற்றாய். மகள் பிரிந்த வீட்டில் இருப்பவள் அவள். நன்கணியாரின் இரு வீடுகளில் ஒன்றிற்கு அணுக்கமானது அவள் வீடு. அங்கே பறை ஒலிக்கவில்லை என்பதே வேறுபாடு. மகள் நலமாக உள்ளாள் என்று செவிலி ஒரு தொடரில் கூறியிருக்கலாம். அவள் அவ்வாறு கூறவில்லை. விரலைக் கூறுகின்றாள், ஆடையைக் கூறுகின்றாள், புகையைக் கூறுகின்றாள், கணவன் வாய்ச்சொல்லை அப்படியே கூறுகின்றாள். 'நலம்' என்னும் சொல்லைத் தாய் நம்பமாட்டாள். எவரும் எவர்க்கும் கூறும் சொல் அது. துவையாத ஆடையை நம்புவாள். தன் வீட்டில் செவிலியர் சூழ வளர்ந்தவள், கறைபட்ட ஆடையோடு அடுப்படியில் தானே நிற்கின்றாள் என்பது தாய்க்கு ஒரு கணம் வருத்தமும் மறுகணம் ஆறுதலும் தந்திருக்கும். மகளின் முகமலர்ச்சி 'நுண்ணிதாக' நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது. கணவன் அதனைக் கண்டானா என்பது தெரியவில்லை. செவிலி கண்டாள். கண்டதனாலேயே அது மற்றொரு வீடுவரை வந்து சேர்ந்தது. 194இல் 'காண்க' என்ற சொல்லின் எடை இங்கே ஒருவாறு விளங்குகின்றது. இனியவை தாமே வந்து நிற்பன அல்ல. காண்பார் இல்லையேல் அவை நிகழ்ந்தும் நிகழாதனவே.

கணவன் கூறிய சொல் 'இனிது'. நன்கணியார் கூறியது 'இனிய'. ஒன்று ஒருமை, மற்றது பன்மை. இதனைச் சான்றாகக் கொள்ளுமாறு நாம் வற்புறுத்தவில்லை; இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் பயனுடையது என்றே கருதுகிறோம். குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் உரைகண்டனர் என்பது மரபு. அவ்வுரைகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலின் இந்த 'இனிது' எந்தப் பழைய உரையாலும் மறுமைக்கு ஏற்றப்படாமல் அடுப்படியிலேயே நின்றுவிட்டது.

புறநானூறு 188ஐயும் இவ்வரிசையில் வைப்பது வழக்கம். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர் ஆயினும், குறுநடை நடந்து, சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும் மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனில்லை என்பது பாடல். அரசன் ஒருவன் தன் செல்வத்தினும் சிந்திய சோற்றைப் பெரிதாகக் கண்டான் என்று வியந்து இதனை நடத்துகிறோம். வியப்பு உண்மையே. ஆனால் பாடல் முடியும் இடத்தைக் கவனித்தல் வேண்டும். ஒருவர்க்கு இனிதாயிருப்பதனை அளவுகோலாக்கி, அஃதில்லாதவர் வாழ்நாளையே பயனற்றதாக்குகின்றது இது. மக்கட்பேறு வாய்க்காத ஆசிரியர் ஒருவர் இப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்த நேர்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்பி மணமுழவு ஒலிக்கும் வீட்டினுள்ளிருந்து பாடுகின்றான், தெருவிற்கு வரவில்லை. பாடலின் அழகில் நமக்கு ஐயமில்லை. ஆறுதல் தரும் பாடல் என்று இதனை எல்லார்க்கும் பொதுவாக்குவதில்தான் உடன்பாடில்லை.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243 இதனினும் ஆழமானது. இயற்பெயர் தெரியாத இம்முதியவர்க்குத் தம் பாடலில் தாமே கூறிய ஊன்றுகோலே பெயராயிற்று. மகளிரோடு கைகோத்து ஆடியதும், மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையிலிருப்போர் மருளுமாறு ஆழ்ந்த மடுவில் குதித்ததும், அடியிலிருந்து ஒரு கை மணலை எடுத்துவந்ததும் அவர்க்கு நினைவில் நிற்கின்றன. இப்போது கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசமுடிகின்றது. அவ்விளமை எங்குள்ளதோ என்று இரங்குகின்றார். ஒரு நெடிய வாழ்விலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தக் கைம்மணல்தான். போர் இல்லை, பரிசில் இல்லை, மக்கள் பேரர் என்ற பேச்சும் இல்லை. அடியைத் தொட்டதற்குச் சான்றாகச் சிறுவன் எடுத்துவந்த மணல் எதற்கும் பயன்படாதது, கரையேறியதும் உதறப்பட்டிருக்கும். அந்நினைவு அவரைத் தேற்றுகின்றதா, வருத்துகின்றதா? இரக்கம் உண்டாகின்றது என்று அவரே கூறுகின்றார். எனினும் மடுவில் விழுந்த ஓசையைக்கூட அவர் விடாது கூறும் வேகத்தில் இருமல் சற்று நின்றிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகின்றது. (இப்பாடலின் தொடக்கத்தில் வரும் 'இனி' காலச்சொல், 'இப்போது' என்பது பொருள். மாணவர் சிலர் இதனை 'இனிய' என்று கொண்டு மயங்குவதுண்டு.)

இதுவரை கண்டவற்றால் சிறுபொருள்கள் எப்போதும் ஆறுதல் தருவன என்ற முடிவிற்கு வந்துவிட்டால், மேடைப் பேச்சாளரோடு நாமும் சேர்ந்துவிடுவோம். அதனைத் தடுப்பது ஒக்கூர் மாசாத்தனாரின் 248. தாபதநிலைத் துறையிலமைந்த ஐந்தடிப் பாடல். கணவனை இழந்தவள் சிறிய வெள்ளாம்பலை நோக்கி இரங்குகின்றாள். இளமையில் அதன் தழை உடையாயிற்று. பெருவளமுடைய கணவன் இறந்தபின், உண்ணும் பொழுது தவறிய இன்னாத நாள்களில், அதன் அல்லியில் விளையும் புல்லரிசி உணவாகின்றது. அதே குளம், அதே பூ. அதன் பொருள்தான் முழுவதும் புரண்டுவிட்டது. 194இல் உலகத்தை 'இன்னாது' என்று சுட்டிய சொல்லே இங்கு 'இன்னா' என நாள்களைச் சுட்டுகின்றது.

இருப்பினும் அவள் ஆம்பலை வெறுக்கவில்லை. 'அளிய' என்று அதற்காக இரங்குகின்றாள். தன் துயரத்தைத் தன்மேல் ஏற்றிக் கூறாமல் பூவின்மேல் ஏற்றிக் கூறுகின்றாள் என்பது நாமெல்லாம் கூறும் நயம். அதனோடு மற்றொன்றும் உள்ளது. அவளை இளமையிலும் கைம்மையிலும் அறிந்ததாக அவ்வூரில் எஞ்சியிருப்பது அவ்வாம்பல் ஒன்றே எனலாம். இதனை ஆறுதல் என்று கூற நமக்கு நா எழவில்லை. ஆறுதல் இன்மை என்றும் கூற இயலவில்லை. மொழியில் இதற்குத் தனிச்சொல் இல்லாமையாலேயே ஐந்தடிப் பாடல் தேவைப்பட்டிருக்கலாம்.

பழைய உரையாசிரியர்க்கு இவ்விடத்தில் நாம் ஒரு நீதி செய்தல் வேண்டும். அல்லியரிசி உண்ணும் ஒருத்தியிடம் மோர்க்குழம்பின் இனிமையைக் கூறுதல் இரக்கமற்ற செயலாகும் என அவர் எண்ணியிருக்கலாம். இவ்வுலகில் அவளுக்கு இனியது ஒன்றும் இல்லையெனின் மறுமையிலேனும் இருக்கட்டும் என்பது இழவு வீட்டின் பக்கம் நின்று கூறிய உரையே. மேடைப் பேச்சினும் அது மேலானது. நாம் அவரோடு மாறுபடுவது, அவர் இரங்கினார் என்பதனால் அன்று. பாடல் தெருவில் நிற்கையில் அவர் அதனை ஊரைவிட்டே அழைத்துச் சென்றார் என்பதனால்.

இப்போது ஆசிரியர்களுக்கு 194ஐ நடத்தும்போது நாம் அதனை இறுதியில் வைக்கிறோம். முதலில் 167, பின் 243, பின் 248. மூன்றையும் கேட்டவர்க்கு நன்கணியாரின் 'இனிய' எது என்று நாம் கூறவேண்டியிருப்பதில்லை. கூறுமாறு கேட்டாலும் கூறுவதில்லை. அவர் விடுத்த இடத்தை மூன்றாமவராக நாமும் நிரப்ப வேண்டா என்பது நம் கருத்து.

முன்னர்க் குறித்த ஆசிரியை மறு ஆண்டுப் பயிற்சிக்கும் வந்திருந்தார். 248 முடிந்து தேநீர் இடைவேளையில் நம்மிடம் வந்து, கணவர் தேநீர் அருந்திய கோப்பையை இன்றும் நாள்தோறும் கழுவிக் கவிழ்த்து வைப்பதாகக் கூறினார். "அது இனியதா இன்னாததா என்று எனக்கே தெரியவில்லை, டாக்டர். ஆனால் ஒருநாள் கழுவாமல் விட்டால் அந்த நாள் ஓடமாட்டேன் என்கிறது" என்றார். மணி அடித்தது. நாம் 194க்குச் சென்றோம். அவர் இம்முறை முன்வரிசையில் அமர்ந்தார்.